ஜிம்மி கார்ட்டர்: கடலைக் கொல்லையும் அரசியலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் 39வது அதிபர் ஜிம்மி கார்ட்டர் 2024 டிசம்பர் 29 அன்று தன் நூறாவது வயதில் காலமானார். அவர் பேச்சு வந்தால் "கடலை விவசாயி" என்று ஒரு வார்த்தையில் பலரும் முடித்துவிடுகிறார்கள். அந்தக் கொல்லையில் அவர் என்ன பார்த்தார், என்ன கற்றார், அங்கிருந்து எப்படி வெள்ளை மாளிகைக்குப் போனார் என்பதை அறிய விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கார்ட்டரிடம் எனக்குப் பிடித்தது, பிடிக்காதது இரண்டுக்குமே வேர் அந்தப் பண்ணையில்தான் இருக்கிறது.

அவர் வளர்ந்த ஊர் எது?

ஜார்ஜியா மாநிலத்தின் தென்மேற்கில் உள்ள பிளெயின்ஸ் என்ற சிற்றூரில் 1924 அக்டோபர் 1 அன்று பிறந்தார். அம்மா லில்லியன் செவிலியர். பிரசவம் அவர் வேலை பார்த்த மருத்துவமனையிலேயே நடந்தது. அதனால் மருத்துவமனையில் பிறந்த முதல் அமெரிக்க அதிபர் என்ற பெயரும் கார்ட்டருக்கு உண்டு. அவருக்கு நான்கு வயது இருக்கும்போது குடும்பம் பிளெயின்ஸுக்கு மேற்கே சில மைல் தள்ளி ஆர்ச்சரி என்ற இடத்தில் இருந்த பண்ணைக்குக் குடிபோனது. ஆர்ச்சரியை ஊர் என்று சொல்வதே அதிகம். ரயில் பாதை, செம்மண் சாலை, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வீடுகள், அவ்வளவுதான். அங்கே இருந்தவர்களில் பெரும்பாலானவர்கள் கறுப்பினத்தவர்.

பண்ணையில் என்னென்ன விளைந்தது? வேலை எப்படி இருந்தது?

நிலக்கடலையும் பருத்தியும்தான் பணப்பயிர்கள். மக்காச்சோளம், பாகு காய்ச்சுவதற்குக் கரும்பு, தர்பூசணி எல்லாம் உண்டு. நிலம் சுமார் 360 ஏக்கர். டிராக்டர் கிடையாது, கோவேறு கழுதை பூட்டித்தான் உழவு. வீட்டை ஒட்டி அப்பா ஏர்ல் ஒரு கடையும் வைத்திருந்தார். பண்ணையாட்களுக்கு வேண்டிய மாவு, மண்ணெண்ணெய், புகையிலை எல்லாம் அங்கேதான் கிடைக்கும்.

விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பண்ணை மணி அடிக்கும். அடிப்பவர் ஜாக் கிளார்க் என்ற கறுப்பினத் தொழிலாளி. கழுதைகளைப் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்புதான். மணி அடித்ததும் எல்லோரும் கொட்டிலில் கூடி, அரிக்கேன் வெளிச்சத்தில் கழுதைகளைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு நடப்பார்கள். ஏர் பிடிப்பதுதான் ஆண்பிள்ளைக்கு மரியாதை. அந்த நாளுக்காக ஏங்கிக் கிடந்ததைக் கார்ட்டர் பிற்காலத்தில் பல தடவை எழுதியிருக்கிறார்.

அவர் அறவே வெறுத்த வேலை பருத்திக்கு மருந்து தடவுவது. பருத்திக் காயைத் துளைக்கும் கூன்வண்டு அந்தக் காலத்தில் தென் மாநிலங்களையே ஆட்டிவைத்தது. அதற்குப் பாஷாணத்தையும் வெல்லப்பாகையும் தண்ணீரில் கரைத்து, குச்சி நுனியில் கட்டிய கந்தல் துணியை அதில் முக்கி, ஒவ்வொரு செடியின் குருத்திலும் ஒற்றிக்கொண்டே போக வேண்டும். பாகு ஒழுகிக் கால்சட்டையில் படும். வெயிலில் காய்ந்ததும் அது அட்டை மாதிரி விறைத்துவிடும். இரவில் கழற்றினால் மடிக்கவே முடியாது. ஈயும் தேனீயும் மேலே மொய்க்க, நாள் முழுக்கச் சின்னப் பையன்கள் செய்த வேலை அது.

சின்ன வயதிலேயே கடலை விற்றார் என்பது உண்மையா?

உண்மை, அதுவும் ஐந்து வயதிலிருந்தே. முந்தைய நாள் கொல்லையில் செடியோடு கடலையைப் பிடுங்கி, சின்ன வண்டியில் வீட்டுக்கு இழுத்து வருவார். காயை ஆய்ந்து, மண் போகக் கழுவி, உப்புத் தண்ணீரில் இரவெல்லாம் ஊறப்போடுவார். விடிகாலையில் எழுந்து அரைமணி நேரம் அவித்து, அரை பவுண்டு அளவுக்குக் காகிதப் பைகளில் கட்டுவார். ஒரு நாளைக்கு இருபது பை. ரயில் தண்டவாளத்தோடு நடந்து பிளெயின்ஸ் கடைத்தெருவுக்குப் போய், பை ஐந்து சென்ட் என்று விற்பார். எல்லாம் விற்றால் ஒரு டாலர். அந்த ஊரில் வயது வந்த ஆணின் ஒரு நாள் கூலியும் அப்போது ஏறக்குறைய அவ்வளவுதான்.

அந்தக் காசைச் சேர்த்து வைத்து, ஒன்பது வயது வாக்கில், பொருளாதார மந்தத்தில் பருத்தி விலை பவுண்டுக்கு ஐந்து சென்டாகச் சரிந்து கிடந்தபோது, ஐந்து பொதி பருத்தி வாங்கி அப்பாவின் கிடங்கில் போட்டார். சில வருடம் பொறுத்து 18 சென்டுக்கு விற்று, வந்த பணத்தில் ஐந்து பழைய வீடுகளை வாங்கினார். ஐந்துக்கும் சேர்த்து மாத வாடகை பதினாறரை டாலர் வந்தது. அவரைக் கனவு காணும் நல்ல மனிதராக மட்டும் பார்க்கிறவர்கள் இந்த வியாபாரப் புத்தியையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அப்படியானால் ஏழைக் குடும்பம் இல்லையா?

இல்லை. வசதிகள் குறைவுதான், குழாய்த் தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை, கழிப்பறை வீட்டுக்கு வெளியே. ஆனால் நிலமும் கடையும் அவர்களுடையவை, வேலைக்கு ஆட்களும் இருந்தார்கள். சுற்றி இருந்த கறுப்பினக் குடும்பங்களில் பல, கூலிக்கும் விளைச்சலில் ஒரு பங்குக்கும் உழைத்துக் கடையில் கடன் தீராமலே வாழ்ந்தன. ஏழ்மையை அவர் பக்கத்தில் இருந்து பார்த்தார், ஆனால் அனுபவிக்கவில்லை. இந்த வித்தியாசத்தை அவர் மறைத்ததும் இல்லை.

1935ல் அப்பா காற்றாலை ஒன்றை நிறுவிய பிறகுதான் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. அடியில் ஓட்டை போட்ட வாளியிலிருந்து ஒழுகுவதுதான் குளியல். அப்போதைய அதிபர் ரூஸ்வெல்ட் அரசின் கிராமப்புற மின்திட்டம் 1938ல் ஆர்ச்சரிக்கு எட்டியது. வீட்டில் முதன்முதலாக விளக்கு எரிந்த அந்த நாளைத் தன் வாழ்வின் மறக்க முடியாத நாட்களில் ஒன்றாகக் கார்ட்டர் கடைசி வரை சொல்லி வந்தார்.

இதே ரூஸ்வெல்ட் மீது அப்பாவுக்கு ஆறாத கோபம் இருந்தது. விலையைத் தூக்கி நிறுத்துவதற்காக, வளர்ந்து நின்ற பருத்தியை உழுது அழிக்கவும் பன்றிக்குட்டிகளைக் கொல்லவும் 1933ல் அரசு பணம் கொடுத்தது. பயிரைத் தன் கையாலேயே அழிக்க வேண்டி வந்த ஏர்ல் அதற்குப் பிறகு ரூஸ்வெல்டுக்கு ஓட்டே போடவில்லை. அரசாங்கம் விளக்கும் ஏற்றும், பயிரையும் அழிக்கும் என்பதை ஒரே வீட்டில், ஐந்தாண்டு இடைவெளியில் பார்த்த பையன் அவர்.

நிறவெறி நிலவிய ஊரில் வளர்ந்தவர் எப்படி மாறினார்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, நியாயமான கேள்வியும்கூட. ஒரே நாளில் ஞானம் வந்து மாறியவர் அல்ல அவர். விளையாட்டுத் தோழர்கள் எல்லோரும் கறுப்பினப் பிள்ளைகள். பெற்றோர் ஊரில் இல்லாத இரவுகளில் ஜாக் கிளார்க், ரேச்சல் கிளார்க் தம்பதியின் வீட்டில்தான் படுத்துக்கொள்வார். செடி கொடிகளைப் பற்றியும், மீன் பிடிப்பது பற்றியும், மனிதர்களை மதிப்பது பற்றியும் தனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ரேச்சல் என்று எழுதியிருக்கிறார். அம்மா லில்லியன் தோல் நிறம் பார்க்காமல் எல்லா வீட்டுக்கும் மருத்துவம் பார்க்கப் போவார். அப்பா அப்படியில்லை. கறுப்பினத்தவர் பின்வாசல் வழியாகத்தான் வர வேண்டும் என்பது அவர் காலத்து வழக்கம், அதை அவர் மீறியதில்லை.

1938 ஜூனில் ஜோ லூயிஸுக்கும் ஜெர்மானியர் மேக்ஸ் ஷ்மெலிங்குக்கும் குத்துச்சண்டை நடந்தது. வானொலியில் கேட்கலாமா என்று பண்ணையாட்கள் வந்து கேட்டார்கள். ஏர்ல் வானொலிப் பெட்டியை ஜன்னலோரம் தூக்கி வைத்தார், வந்தவர்கள் முற்றத்து மரத்தடியில் நின்றார்கள். கறுப்பினத்தவரான லூயிஸ் முதல் சுற்றிலேயே எதிராளியை வீழ்த்திவிட்டார். முற்றத்தில் ஒரு சத்தம் இல்லை. மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு, சாலையையும் தண்டவாளத்தையும் கடந்து தங்கள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். அப்புறம்தான் கொண்டாட்டம் வெடித்தது, இரவெல்லாம் ஓயவில்லை. பதின்மூன்று வயதுப் பையன் இந்தப் பக்கத்திலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

இன்னொன்று, பதினான்கு வயது வாக்கில் நடந்தது. இரண்டு கறுப்பின நண்பர்களோடு மேய்ச்சல் நிலத்துக் கேட்டை நெருங்கியபோது, அவர்கள் கேட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்று, அவரை முதலில் போகவிட்டார்கள். கேலி செய்கிறார்கள், ஏதோ கயிற்றைக் கட்டித் தடுக்கி விழவைக்கப் போகிறார்கள் என்று முதலில் நினைத்தார். அப்படி எதுவும் இல்லை. இனிமேல் நாம் சமம் இல்லை என்று வீட்டில் அவர்களுக்குச் சொல்லிவைத்திருக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது. அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை, கேட்டைத் தாண்டிப் போனார். அதை ஒரு கவிதையாகவே எழுதினார்.

கடற்படையில் இருந்தவர் ஏன் கொல்லைக்குத் திரும்பினார்?

1946ல் அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் பட்டம் பெற்று, அதே ஆண்டு ஊர்ப்பெண் ரோஸலின் ஸ்மித்தை மணந்தார். நீர்மூழ்கிக் கப்பல்களில் வேலை. அப்புறம் கடற்படை அதிகாரி ஹைமன் ரிக்கோவர் நடத்திய அணுசக்திக் கப்பல் திட்டத்தில் இடம். கடற்படையில் அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. 1953 ஜூலையில் அப்பா கணையப் புற்றுநோயில் இறந்தார். கடைசி நாட்களில் பக்கத்தில் இருந்த மகன், ஒருவர் பின் ஒருவராக ஊரார் வந்து ஏர்ல் செய்த உதவிகளைச் சொல்லிப் போவதைப் பார்த்தார். கடனைத் தள்ளுபடி செய்தது, துணி வாங்கிக் கொடுத்தது என்று யாருக்கும் தெரியாத உதவிகள் அவை. தான் இறந்தால் இப்படி யார் வருவார்கள் என்ற கேள்வி அவரைக் குடைந்தது. ரோஸலினைக் கலந்துகொள்ளாமலே வேலையை விட முடிவு செய்தார். ரோஸலினுக்குக் கடுங்கோபம். ஊர் திரும்பும் வழியில் காரில் பேசவே இல்லையாம்.

வந்த முதல் வருடமே கடும் வறட்சி. 1954ல் கிடைத்த லாபம் 300 டாலரைக்கூடத் தொடவில்லை. அரசு கட்டிய எளிய வாடகை வீட்டில்தான் குடியிருந்தார்கள். விதைக்கடலை, உரம், பருத்தி அரைவை என்று வியாபாரத்தை மெல்ல மெல்லக் கட்டி எழுப்பினார்கள். கணக்குப் புத்தகம் முழுவதும் ரோஸலின் கையில் இருந்தது. எந்தச் சரக்கில் லாபம், எதில் நட்டம் என்று கணவருக்கு எடுத்துச் சொன்னவர் அவர்தான். பின்னாளில் அதிபரின் அமைச்சரவைக் கூட்டங்களில் ரோஸலின் உட்கார்ந்து குறிப்பெடுத்தது பலருக்கு வியப்பாக இருந்தது. அந்தக் கிடங்கு அலுவலகத்தை அறிந்தவர்களுக்கு அதில் வியப்பு இருந்திருக்காது.

அரசியலுக்கு எப்படி வந்தார்?

முதலில் மாவட்டப் பள்ளி வாரிய உறுப்பினர். அந்தக் காலத்தில் பள்ளிகளில் இனப் பிரிவினையைக் காப்பதற்காக வெள்ளையர் குடிமக்கள் மன்றங்கள் தென் மாநிலமெங்கும் முளைத்தன. சந்தா ஐந்து டாலர். பிளெயின்ஸில் சேராத வெள்ளை ஆண் கார்ட்டர் ஒருவர்தான் என்று சொல்லி, சந்தாவை நாங்களே கட்டுகிறோம் என்றுகூட வாடிக்கையாளர்கள் வற்புறுத்தினார்கள். மறுத்துவிட்டார். கடைக்குப் புறக்கணிப்பு வந்தது, ஆனால் நீடிக்கவில்லை.

1962ல் மாநில செனட்டுக்கு நின்றார். முப்பத்தெட்டாவது பிறந்தநாளன்று முடிவெடுத்தார், வாக்குப்பதிவுக்கு இரண்டே வாரம் இருந்தது. அங்கே குவிட்மன் மாவட்டத்தை ஜோ ஹர்ஸ்ட் என்பவர் தன் பிடியில் வைத்திருந்தார். மறைவான இடம் இல்லாமல், அவர் கண் முன்னால் மேசையில் வைத்துத்தான் மக்கள் ஓட்டுச்சீட்டில் குறி போட வேண்டியிருந்தது. ஓட்டுப் போட வந்தவர்கள் 333 பேர், பெட்டியில் இருந்த சீட்டுகள் 420! செத்தவர்களும் சிறையில் இருந்தவர்களும் ஓட்டுப் போட்டிருந்தார்கள், அதுவும் அகர வரிசைப்படி வந்து. கார்ட்டர் 139 ஓட்டில் தோற்றதாக அறிவித்தார்கள். அவர் விடவில்லை. வீடு வீடாகப் போய் வாக்குமூலம் வாங்கினார். அட்லாண்டா நாளிதழ் நிருபர் ஜான் பென்னிங்டன் செய்தியை வெளியில் கொண்டுவந்தார், வழக்கறிஞர் சார்லஸ் கிர்போ நீதிமன்றத்தில் வாதாடினார். நீதிபதி அந்தப் பெட்டியையே செல்லாது என்று ஒதுக்கியதும் முடிவு தலைகீழானது. பிற்காலத்தில் உலகம் முழுக்கத் தேர்தல்களைக் கண்காணிக்கப் போன மனிதர், கள்ள ஓட்டு என்றால் என்ன என்பதைத் தன் சொந்தத் தேர்தலிலேயே கற்றுக்கொண்டவர்.

செனட்டில் வாக்களிக்கும் ஒவ்வொரு மசோதாவையும் முழுதாகப் படிப்பேன் என்று உறுதி எடுத்து, அதற்காக வேக வாசிப்புப் பயிற்சிக்கும் போனார்.

1970 ஆளுநர் தேர்தலில் நிறவெறியர்களின் ஓட்டை நாடினார் என்கிறார்களே?

ஆம், நாடினார். 1966ல் ஆளுநர் பதவிக்கு முதல்முறை நின்று உட்கட்சித் தேர்தலிலேயே தோற்றார். பிரிவினைவாதி லெஸ்டர் மேடக்ஸ் ஆளுநரானார். நான்கு ஆண்டு கழித்து மறுபடி நின்றபோது, முன்னாள் ஆளுநர் கார்ல் சாண்டர்ஸைப் பணக்கார மிதவாதி என்று சித்தரித்து, கிராமத்து வெள்ளையர்களின் மனக்குறையைத் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டார். கேட்டைத் தாண்டிப் போன அந்தப் பையன் இன்னொரு தடவையும் வாய் திறக்காமல் போனான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1971 ஜனவரியில் பதவியேற்றபோது அதே மனிதர், இனப்பாகுபாட்டின் காலம் முடிந்துவிட்டது என்று மேடையிலேயே அறிவித்தார். ஓட்டுப் போட்டவர்கள் பலர் அதிர்ந்தார்கள். அரசுப் பணிகளில் கறுப்பினத்தவரை நியமித்தார். மாநிலத் தலைமைச் செயலகத்தில் மார்ட்டின் லூதர் கிங் படத்தை மாட்டினார். சுமார் 300 அரசு அமைப்புகளை 22 துறைகளுக்குள் அடக்கினார். வந்த வழி சரியா என்று கேட்டால் என் பதில் இல்லை என்பதுதான். வந்து செய்ததை மறுக்கவும் முடியாது.

யாருக்குமே தெரியாதவர் எப்படி அதிபரானார்?

அதிபர் நிக்சனைப் பதவி விலக வைத்த வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு, வாஷிங்டன் வாசனை படாத ஆள் வேண்டும் என்று மக்கள் நினைத்த காலம். "ஜிம்மியா, யார் அது?" என்பதுதான் தொடக்கத்தில் கேட்ட குரல். ஜார்ஜியாவிலிருந்து நண்பர்களும் அக்கம்பக்கத்தாரும் "கடலைப் படை" என்ற பெயரில் சொந்தச் செலவில் கிளம்பி, பனியில் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். பிளெயின்ஸின் பழைய ரயில் நிலையம்தான் பிரச்சார அலுவலகம். 1976 நவம்பரில் அப்போதைய அதிபர் ஜெரால்டு ஃபோர்டை, மாநில வாரியாக எண்ணப்படும் தேர்வாளர் வாக்குகளில் 297க்கு 240 என்று வென்றார்.

அதிபரான பிறகு விவசாயிகளுக்கு என்ன செய்தார்?

பெரிதாக எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். விளைபொருள் விலை வீழ்ந்து, இடுபொருள் விலையும் வட்டியும் ஏறிய காலம் அது. 1979 பிப்ரவரியில் விவசாயிகள் ஆயிரக்கணக்கான டிராக்டர்களை வாஷிங்டனுக்கு ஓட்டி வந்து போக்குவரத்தையே நிறுத்தினார்கள். 1980 ஜனவரியில், ஆப்கானிஸ்தானுக்குள் படை அனுப்பிய சோவியத் யூனியனுக்குப் பதிலடியாக 1.7 கோடி டன் தானிய ஏற்றுமதியைக் கார்ட்டர் நிறுத்தினார். சோவியத் வேறு நாடுகளில் வாங்கிக்கொண்டது, அடி விழுந்தது அமெரிக்கக் குடியானவன் மேல். விவசாயியாக இருந்து வந்த ஒருவரின் கையிலிருந்து இது வந்ததுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

அவர் ஆட்சியில் நிலைத்து நின்றவை வேறு. 1978 செப்டம்பரில் அதிபரின் ஓய்விடமான கேம்ப் டேவிட்டில் பதின்மூன்று நாள் இருந்து எகிப்தையும் இஸ்ரேலையும் சமாதானத்துக்குக் கொண்டுவந்தார். வரைவுகளைத் தானே எழுதி, தானே திருத்தினார். மசோதாவை வரி வரியாகப் படிக்கும் பழக்கம் அங்கே கைகொடுத்தது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸோடு கொடுக்கல் வாங்கல் பேச வேண்டிய இடங்களில் அதே பழக்கம் காலை வாரியது. ஈரானில் 52 அமெரிக்கர்கள் 444 நாள் பிணைக்கைதிகளாக இருந்ததும், பத்து சதவீதத்தைத் தாண்டிய பணவீக்கமும் சேர்ந்து 1980ல் ரீகனிடம் படுதோல்வியில் முடிந்தது.

கடலை வியாபாரம் என்ன ஆனது?

பதவியை வைத்து லாபம் பார்த்தார் என்ற பேச்சுக்கே இடம் வரக்கூடாது என்று, கிடங்கைத் தான் தலையிடாதபடி வழக்கறிஞர் கிர்போவின் பொறுப்பில் ஒப்படைத்துவிட்டுப் போனார். அப்படியும் அவர் தேர்தலுக்குக் கிடங்கின் பணம் போனதா என்று 1979ல் தனி வழக்கறிஞர் விசாரித்தார், குற்றம் எதுவும் இல்லை என்று முடிந்தது. 1981ல் வீடு திரும்பியபோது காத்திருந்தது சுமார் பத்து லட்சம் டாலர் கடன். கிடங்கை விற்று அடைத்தார்கள். புத்தகம் எழுதித்தான் குடும்பம் நிமிர்ந்தது.

இந்தியாவோடு அவருக்குத் தொடர்பு உண்டா?

உண்டு, அம்மா வழியாக. லில்லியன் தன் 68வது வயதில் பீஸ் கார்ப்ஸ் என்ற அமெரிக்கத் தன்னார்வலர் அமைப்பில் சேர்ந்து, 1966 முதல் 1968 வரை பம்பாய் அருகே விக்ரோலியில் செவிலியராக வேலை பார்த்தார். 1978 ஜனவரியில் அதிபராக இந்தியா வந்த கார்ட்டர் ஹரியானாவில் ஒரு கிராமத்துக்குப் போனார். அந்த ஊர் "கார்ட்டர்புரி" என்று பெயரை மாற்றிக்கொண்டது.

குடிநீர் வழியாக வரும் நரம்புச்சிலந்தி (கினியா புழு) நோயையும் இங்கே சொல்ல வேண்டும். 1986ல் உலகில் சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்த நோய் இது. பதவிக்குப் பிறகு அவர் தொடங்கிய கார்ட்டர் மையம் முன்னின்று நடத்திய இயக்கத்தால் அண்மை ஆண்டுகளில் பாதிப்பு ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து பேராகச் சுருங்கிவிட்டது. இந்தியா 2000ல் அதிலிருந்து விடுபட்டது. மருந்தோ தடுப்பூசியோ இல்லாத நோய். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்க வேண்டும் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்துத்தான் இதைச் சாதித்தார்கள்.

அந்தப் பண்ணை இப்போதும் இருக்கிறதா?

இருக்கிறது. தேசியப் பூங்காத் துறை ஆர்ச்சரி வீட்டை, மின்சாரம் வருவதற்கு முன்பிருந்த தோற்றத்திலேயே பராமரிக்கிறது. ஜாக், ரேச்சல் கிளார்க் குடியிருந்த வீடும் பக்கத்தில் நிற்கிறது. 2025 ஜனவரி 4 அன்று கார்ட்டரின் இறுதி ஊர்வலம் அந்த வாசலில் நின்றபோது, பழைய பண்ணை மணியை 39 தடவை அடித்தார்கள்.

பிளெயின்ஸில் அவருக்கு இன்னொரு நிலம் இருந்தது, கடலையும் சோயாவும் விளைந்த இடம். அதில் பத்து ஏக்கரைச் சூரிய மின்சாரத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்தார். 2017 பிப்ரவரியில் திறப்பு விழாவுக்குத் தொண்ணூற்றிரண்டு வயதில் அவரே வந்திருந்தார். 3,852 பலகைகள், வெயில் போகும் பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கும். ஊரின் மின்தேவையில் பாதிக்கு மேல் அந்தக் கொல்லையிலிருந்து போகும் என்று கணக்கிட்டார்கள்.